ஒரு சொட்டும் கலக்காமல்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுடைய வேலை லேபிள் ஒட்டுவது. ஊசி குத்துவது ஒருத்தி, மெஷினில் ஏற்றுவது ஒருவன், ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் டாக்டர். இவர்களுக்கு நடுவே அவளுக்கென்று ஒரு மேஜை, ஒரு பிரிண்டர், துளை துளையாக ஒரு தாங்கி. தாங்கியில் விரல் நீளத்துக்குக் குழாய்கள் நிற்கும். ஒவ்வொன்றையும் எடுத்து, பேரை ஒரு தடவை மனதுக்குள்ளும் ஒரு தடவை வாய்விட்டும் படித்து, லேபிளைச் சுற்றி, கட்டைவிரலால் நீவிவிடுவாள்.

வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தது. அன்று ஒரே பேரில் இரண்டு பேர் வந்திருந்தார்கள். யாரோ கூப்பிட்டார்களே என்று ஒரு கணம் திரும்பினாள், லேபிள் இடம் மாறிவிட்டது. ஒரு பெரியவர் தனக்கு வராத நோய்க்காக ஒன்பது நாள் அழுதார். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் வந்து சண்டை போடவில்லை. "ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சப்புறம்தாம்மா அழுகை ஜாஸ்தியா வந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவள் மறந்திருப்பாள்.

வீட்டில் அவளுக்கு இரட்டைப் பெண்கள். ஒன்பது வயது. பெரியவள் ஏழு நிமிஷத்துக்குப் பெரியவள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஏழு நிமிஷத்தில் உலகத்தில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டவள் போல அமைதியாக இருப்பாள். சின்னவள் பிந்தி வந்ததை ஈடுகட்டுகிறவள் போல எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பாள். சாக்ஸுக்குள் ஐஸ்கட்டியைப் போட்டு எவ்வளவு நேரத்தில் சொட்டுகிறது என்று பார்ப்பாள். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி, பல்சக்கரங்களைத் தட்டில் பரப்பி, ஒன்று மிச்சம் இருக்க மாட்டிவிட்டு, "இது இல்லாமயே ஓடுதே, அப்புறம் எதுக்கு வெச்சாங்க?" என்று கேட்பாள். பெரியவளுக்குக் காவல் வேலை. அம்மா வருகிறாளா என்று பார்க்க வேண்டும், பிடிபட்டால் கூட நின்று திட்டு வாங்க வேண்டும். அதற்குக் கூலியாக, ஒரே கட்டிலில் ஒரே போர்வைக்குள் படுத்திருக்கும்போது, சின்னவள் தான் கண்டுபிடித்ததையெல்லாம் அவள் காதில் சொல்வாள். பெரியவள் சிரிப்பது அந்தப் போர்வைக்குள் மட்டும்தான் கேட்கும்.

அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவன். வேலைக்கு ஆகாத ஸ்விட்ச், ஸ்பிரிங், பித்தளைத் துண்டு என்று பையில் எதையாவது கொண்டுவந்து சின்னவளிடம் கொட்டுவான். "இவளை என் கூட்டாளியாச் சேர்த்துட்டேன். சம்பளம் மட்டும் பதினெட்டு வயசுல ஆரம்பிக்கும்" என்பான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டில்தான், நாலாம் வகுப்புப் பெற்றோர் எல்லாரும் வர வேண்டும் என்று பள்ளியிலிருந்து சீட்டு வந்தது.

கூட்டத்தில் ஒரு இளம்பெண் பேசினாள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். நீல நிறப் பிளாஸ்டிக் கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டே திரிந்ததால் பிள்ளைகள் அவளுக்குக் கூடை மிஸ் என்று பேர் வைத்துவிட்டார்கள். கூடைக்குள் காந்தம், பல்பு, பேட்டரி, ஒயர், விதை, பஞ்சு, பூதக்கண்ணாடி.

"பன்னிரண்டு வாரம். ஒரு பிரிவுல பிள்ளைங்க எல்லாத்தையும் கையால செஞ்சு பார்த்து அறிவியல் படிப்பாங்க. இன்னொரு பிரிவுல இப்ப நடக்கிற மாதிரியே, புத்தகம், கரும்பலகை, கேள்வி-பதில். கடைசியில ரெண்டு பிரிவுக்கும் ஒரே பரீட்சை. கூடவே பாடம் பிடிச்சிருக்கா இல்லையான்னு ஒரு தாள். எந்தப் பிரிவுக்கு எதுன்னு நான் முடிவு பண்ணக் கூடாது. அதனால உங்க முன்னாடியே காசு சுண்டிடறேன்."

சுண்டினாள். கூடை ஏ பிரிவுக்குப் போனது.

"அப்ப பி பிரிவுப் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்றார் பின் வரிசையிலிருந்து ஒருவர். தையல்கடைக்காரர், கழுத்தில் இன்னும் அளவு டேப் தொங்கியது.

"முடிஞ்சப்புறம் ஒரு வாரம் அவங்களுக்கும் கூடை வரும் சார். ஆனா அதுவரைக்கும் ரெண்டு பிரிவும் கலந்துடக் கூடாது. இவங்க செஞ்சதை அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்துட்டா, எது எதனால வந்துச்சுன்னே தெரியாமப் போயிடும்."

கலந்துடக் கூடாது. அந்த வார்த்தை மற்றவர்களுக்கு எப்படிக் கேட்டதோ, லேபிள் ஒட்டுகிறவளுக்கு ஒன்பது நாள் அழுகையாகக் கேட்டது. கூட்டம் கலையும்போது மேஜைக்குப் போய்க் கேட்டாள்.

"மிஸ், எனக்கு ரெட்டைப் பிள்ளைங்க. பெரியவ ஏ, சின்னவ பி."

கூடை மிஸ் அறுபது கையெழுத்துத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து புன்னகைத்து, "அப்படியா, முடிஞ்ச வரைக்கும் பார்த்துக்கோங்கம்மா" என்றாள்.

முடிந்த வரைக்கும் என்றால் ஏதோ கொஞ்சம் என்று அர்த்தம் செய்துகொள்கிறவர்கள் உண்டு. அவள் அந்த ரகமில்லை. அவளால் முடியும் என்றால் முழுதாக முடியும்.

அன்று சாயங்காலமே வீடு இரண்டானது. படிக்கிற மேஜை பெரியவளுக்கு. சின்னவளுக்குச் சமையலறையில், காய் நறுக்கும் மேடைக்குக் கீழே ஒரு ஸ்டூல். புத்தகப் பைகள் இரண்டு அறைகளில். கட்டில்தான் ஆபத்தான இடம் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பெரியவள் கூடத்தில் அப்பாவோடு, சின்னவள் கட்டிலில் அம்மாவோடு.

"ஃப்ரிட்ஜ்ல வைக்காத குறைதான். இந்தா, பேரெழுதி ஒட்டிடு, மாறிடப் போகுது" என்றான் அவன், பாயை விரித்துக்கொண்டே.

"கேலி பண்ணாதீங்க. அந்த மிஸ்ஸோட படிப்பு இதுல இருக்கு. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"பன்னிரண்டு வாரம் பிள்ளைங்க பேசாம இருக்குமாம்மா?"

"மத்ததெல்லாம் பேசட்டும். அறிவியல் மட்டும் கூடாது."

மற்றதெல்லாம் என்று ஒன்று அந்தப் பிள்ளைகளுக்குள் இருந்ததா என்று அவள் யோசித்துப் பார்க்கவில்லை.

முதல் வாரம் பெரியவள் சட்டைக்கை முழங்கை வரை நனைந்து வந்தாள். முகத்தில் இதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம். சின்னவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் ஓடிப்போய் அந்த ஈரத்தை மோந்து பார்த்தாள்.

"என்னடி இது? எதுல விட்டே கையை? மிதக்கிறதா, முங்கறதா?"

பெரியவள் வாயைத் திறந்தாள். அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. பிறகு பெரியவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷத்தைத் தண்ணீர்க் குழாயிடம் சொல்கிறவள் போல வெகுநேரம் குழாயைத் திறந்துவைத்திருந்தாள்.

மூன்றாவது வாரம் ஜாம் பாட்டிலில் ஈரப் பஞ்சும் ஒரு விதையும் வந்தன. ஜன்னலோரம் வைத்துத் தினமும் பார்த்து எழுத வேண்டுமாம். ஜன்னலோரம் வைத்தால் சின்னவள் கண்ணில் படும். அம்மா அதை வாங்கி அலமாரிக்குள், துணிகளுக்குப் பின்னால் வைத்தாள். காலையில் சின்னவள் பல் தேய்க்கும் நேரமாகப் பார்த்து வெளியே எடுத்துக் காட்டுவாள். பெரியவள் அவசரம் அவசரமாக அளந்து எழுதிக்கொள்வாள்.

ஆறாம் நாள் வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பியபோது அலமாரி திறந்திருந்தது. சின்னவள் அதன் முன்னால் நின்றிருந்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி. இருட்டில் முளைத்த செடி பச்சையே இல்லாமல், வெளுத்து, நூல் மாதிரி நீண்டு வெளிச்சத்தைத் தேடிப் போயிருந்தது.

"நான் தொடலைம்மா. பார்த்தேன், அவ்வளவுதான். அம்மா, இது ஏன் மஞ்சளா இருக்கு? காய்ச்சலா?"

அவள் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். மூடி லேசாகத் திருகியிருந்தது. பஞ்சில் ஒரு விரல் பதிந்த பள்ளம். பொய் சொல்லியிருக்கிறாள் என்பது ஒரு கோபம், மூன்று வாரக் கட்டுக்காவல் ஒரு விரலில் போயிற்றே என்பது இன்னொரு கோபம். சின்னவளின் கையை முன்னால் இழுத்து, புறங்கையில் ஓங்கி ஒன்று வைத்தாள். இதுவரை அந்த வீட்டில் யாரும் யாரையும் அடித்ததில்லை. அதனால் அந்தச் சத்தம் என்னவென்று இருவருக்குமே ஒரு கணம் புரியவில்லை.

பிறகு அவளை மடியில் இழுத்து உட்கார வைத்து, நிலையத்தில் நடந்த கதையைச் சொன்னாள். ஒரே பேரில் வந்த இரண்டு பேர், மாறிப்போன லேபிள், ஒன்பது நாள் அழுத பெரியவர்.

"ஒரு சொட்டு கலந்தாலும் ரெண்டுமே வீண்டி. புரியுதா?"

சின்னவள் புறங்கையை ஊதிக்கொண்டே கேட்டாள். "அப்ப நான் எந்தக் குழாய்ம்மா?"

"நீ பி."

"பி-க்கு ஒண்ணும் ஊத்த மாட்டாங்களா?"

"ஊத்தாமயே எப்படி இருக்குன்னு பார்ப்பாங்க."

சின்னவள் "சரி" என்றாள்.

அவள் மறுபேச்சில்லாமல் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மாவுக்கு நிம்மதியாக இருந்தது. பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தாள். புரியத்தான் செய்தது.

அந்த வெளுத்த செடியைப் பெரியவள் அழுதுகொண்டே பள்ளிக்கு எடுத்துப் போனாள், தன்னுடையது மட்டும் கெட்டுப்போய்விட்டது என்று. சாயங்காலம் பறந்துகொண்டு வந்தாள். வகுப்பே அவள் பாட்டிலைச் சுற்றி நின்றதாம். எங்கே வைத்தாய், ஏன் இப்படி ஆயிற்று என்று முப்பது பேரும் கேட்டார்களாம். பேசவே பேசாத பெண் பலகைக்கு முன்னால் போய் நின்று பேசியிருக்கிறாள். இதை அம்மாவிடம் சமையலறைக்கு வெளியே நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். உள்ளே ஸ்டூலில் சின்னவள் எழுதிக்கொண்டிருந்தாள். தாவரங்கள் வளரச் சூரிய ஒளி தேவை. தாவரங்கள் வளரச் சூரிய ஒளி தேவை. ஐந்து முறை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள்.

எட்டாவது வாரம் அழைப்பு மணி கெட்டுப்போனது. அவன் ஏணியைச் சாய்த்து மேலே ஏறி, பழக்கத்தில் கீழே பார்க்காமலே கையை நீட்டினான்.

"கூட்டாளி, டார்ச்."

யாரும் கொடுக்கவில்லை. இறங்கி வந்து சமையலறையில் எட்டிப் பார்த்தான்.

"என்ன மேடம், வேலைநிறுத்தமா?"

"படிக்கணும்ப்பா."

"மணிக்குள்ள ஒரு சுருள் இருக்கும், பார்த்ததில்லையே நீ. வா, காட்டறேன்."

சின்னவள் அப்பாவைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பாத்திரம் துலக்குவதை நிறுத்தாமல், "ஏ பிரிவுல இந்த வாரம் அதுதான் நடக்குது. பல்பு, பேட்டரி, மணி. நாலு வாரம் பொறுங்க" என்றாள்.

"என் வீட்டு மணியை என் பொண்ணுக்குக் காட்டறதுக்கு எவன்கிட்ட உத்தரவு வாங்கணும்?"

"என்கிட்ட."

அவன் ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் சின்னவளே, "மின்னோட்டம் செல்லும் மூடிய பாதை மின்சுற்று எனப்படும். அவ்வளவுதாம்ப்பா அதுல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். அவன் ஏணியை மடக்கி எடுத்துக்கொண்டு போனான். அன்று டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை பார்த்தான்.

பன்னிரண்டு வாரம் முடிந்தது. பரீட்சையில் சின்னவள் இருபத்தைந்துக்கு இருபத்து மூன்று. பெரியவள் பத்தொன்பது. அம்மா விடைத்தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு நிலையத்துக்கே போய்க் காட்டினாள். ஊசி குத்துகிற பெண் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க சின்னது நம்ம டாக்டர் மாதிரி எழுதியிருக்கு, ஆனா படிக்க முடியுது" என்றாள். ஒன்றும் கொடுக்காமலே இவள் இவ்வளவு வாங்கியிருக்கிறாளே என்று அம்மாவுக்குப் பெருமை. பெரியவள் நிறையப் பார்த்திருக்கிறாள், எழுதத்தான் வார்த்தை போதவில்லை என்று ஒரு சமாதானம்.

நன்றி சொல்வதற்காகப் பெற்றோர்களை மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். அவள் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், இத்தனை நாள் மனதில் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"மிஸ், ஒரே வீடுதான். ஆனா ஒரு சொட்டுக் கூடக் கலக்க விடலை. தனித்தனியாப் படுக்க வெச்சேன்."

கூடை மிஸ்ஸின் பேனா நின்றது. "தனித்தனியாவா?"

"ஆமா. பன்னிரண்டு வாரமும்."

"ஏம்மா?"

"கலந்துடக் கூடாதுன்னு நீங்கதானே..."

கூடை மிஸ் பட்டியலை எடுத்தாள். இரண்டு பேருக்கும் நேராகப் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தது. முதல் வாரத் தேதி.

"உங்க ரெண்டு பிள்ளைங்களையும் நான் கணக்குலயே சேர்க்கலைம்மா. ஒரே வீட்டுப் பிள்ளைங்க பேசிக்காம இருக்க முடியாது, அது இயல்புதானே. எல்லா ஆராய்ச்சியிலயும் இப்படி எடுத்துடுவாங்க. வகுப்புல தனியா விட்டா மனசு கஷ்டப்படுமேன்னு மத்தவங்களோட பரீட்சை மட்டும் எழுத வெச்சேன்."

"என்கிட்ட சொல்லலையே."

"சொல்லணும்னு எனக்குத் தோணலைம்மா. நீங்க இப்படிச் செய்வீங்கன்னு..." கூடை மிஸ் பேனாவை மூடி வைத்தாள். சின்னப் பெண், அவளுக்கும் இதெல்லாம் முதல் தடவை. தலையைக் குனிந்து தாள்களுக்குள் எதையோ தேடினாள். தேடியதில் கைக்கு வந்தது இன்னொரு தாள். "இதை உங்ககிட்டக் காட்டணும்னு எடுத்து வெச்சிருந்தேன்."

பாடம் பிடித்திருக்கிறதா என்று கேட்கும் தாள். பத்து வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று முகங்கள்: சிரிக்கிற முகம், அழுகிற முகம், நேர்க்கோடாய் வாய் வைத்த முகம். எதையாவது புதிதாகச் செய்து பார்க்க எனக்கு ஆசை. நேர்க்கோடு. ஏன் என்று கேட்க எனக்குப் பிடிக்கும். நேர்க்கோடு. பத்துக்கும் நேர்க்கோடு, ஒன்று கூடப் பிசகாமல், அளவெடுத்த மாதிரி சின்னச் சின்ன டிக். கடைசியில் ஒரு வரி காலியாக விட்டிருந்தது: அறிவியல் வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு நேராகச் சின்னவளின் முத்துக் கையெழுத்து. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

அவள் அதை ஒரு தடவை மனதுக்குள் படித்தாள். ஒரு தடவை வாய்விட்டும் படித்தாள். பக்கத்தில் நின்ற தையல்கடைக்காரர் விஷயம் புரியாமல், "என் பையன் பிடிச்சது மணி அடிக்கிறதுன்னு எழுதியிருக்கான்" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னாள். பன்னிரண்டு வாரமாகக் கேலி செய்து வந்தவன் அன்று ஒரு வார்த்தை கூடக் கேலியாகச் சொல்லவில்லை. பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, பெரியவளின் தலையணையை எடுத்துப்போய்க் கட்டிலில் போட்டான். அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"சேர்த்துப் படுக்க வெச்சா சரியாப் போயிடும்" என்றான். "பிள்ளைங்கதானே."

சேர்த்துப் படுக்க வைத்தார்கள். போர்வைக்குள்ளிருந்து சத்தம் வருகிறதா என்று இருவரும் கூடத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் முணுமுணுப்பு கேட்டது. பெரியவள் குரல் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

அடுத்த வாரம் பி பிரிவுக்குக் கூடை வந்தது. அம்மா அதைத்தான் நம்பியிருந்தாள். பிள்ளை கையில் அந்தப் பொருள்கள் கிடைத்துவிட்டால் பழைய வால் முளைத்துவிடும், வீட்டையே பிரித்துப் போட்டுவிடும், போடட்டும். நிலையத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, வகுப்பறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே ஒரே ரகளை. ஆளுக்கொரு ஒயரைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார்கள். தையல்கடைப் பையன் பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறான். ஐந்து ஐந்து பேராகக் குழு. சின்னவள் குழுவில் நான்கு பேர் தலையோடு தலை முட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் ஓரத்தில், மடியில் நோட்டோடு. கோடு போட்டு, அட்டவணை இழுத்து, மற்றவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தாள். குழுவுக்கு ஒருவர் எழுத வேண்டும் என்றதும் முதலில் கைதூக்கியது அவள்தானாம்.

கூடை மிஸ் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "நீ இணைச்சுப் பாரும்மா. பல்பு எரியும்."

"எரியும்னு தெரியும் மிஸ்."

"தெரியும்தான். சும்மா தொட்டுப் பாரேன்."

சின்னவள் ஒற்றை விரலை நீட்டி, ஒயரின் நுனியை, சூடாக இருக்கும் இஸ்திரிப் பெட்டியைத் தொடுகிற மாதிரித் தொட்டுப் பேட்டரியின் மேல் தள்ளினாள். பல்பு எரிந்தது. மற்ற நான்கு பேரும் ஓவென்று கத்தினார்கள். அவள் விரலை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, நோட்டில் 'எரிந்தது' என்று எழுதினாள்.

ஜன்னலுக்கு வெளியே அம்மாவின் பக்கத்தில் பெரியவள் வந்து நின்றாள். ஏ பிரிவுக்கு அப்போது விளையாட்டு நேரம்.

"நீ சொல்லேன்டி அவகிட்ட" என்றாள் அம்மா, உள்ளே பார்த்தபடியே. "இத்தனை நாள் செஞ்சதெல்லாம் சொல்லு. மிதந்தது, முங்கினது, செடி, எல்லாம். இனிமே ஒண்ணும் தப்பில்லை."

"சொல்லப் பார்த்தேம்மா."

"எப்போ?"

"அன்னிக்குப் போர்வைக்குள்ள. அதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவை, நீ இல்லாதப்போ." பெரியவள் கம்பியில் நகத்தால் சுரண்டினாள். "காதைப் பொத்திக்கிறாம்மா. சொல்லாதே, கலந்துடும்னு சொல்றா. முடிஞ்சு போச்சுடின்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறா. நான் என்ன பண்றது?"

அவள் பெரியவளின் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள். தப்பாக ஒட்டிய லேபிளை நிலையத்தில் உரித்துவிடலாம். அதற்கென்று ஒரு திரவம் இருக்கிறது.

மணி அடித்ததும் மூவருமாக வீட்டுக்கு நடந்தார்கள். நல்ல வெயில். வழியில் ஒரு கடைக்காரர் வாசலைக் கழுவிவிட்டுக் கொண்டிருந்தார். நடைபாதைச் சிமென்ட் பலகைகள் மேல் தண்ணீர் ஓடியது. பெரியவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தில் கால் வைத்து, அப்பால் காய்ந்திருந்த சிமென்டில் மிதித்தாள். ஐந்து விரலும் குதிகாலும் அச்சாக விழுந்தன. விழுந்த கணமே ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்தன.

"ஏய், இங்க பாருடி. விரல்தான் முதல்ல போகுது."

சின்னவள் வரவில்லை. கீழே கிடந்த அக்காவின் பையை எடுத்துத் தன் பையோடு சேர்த்து மாட்டிக்கொண்டு, கடையின் நிழலில் போய் நின்றாள்.

அம்மாவும் செருப்பைக் கழற்றினாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரத்தில் இறங்கினாள். கடைக்காரர் வாளியோடு நின்று பார்த்தார். வாழ்நாளில் அவள் ஒன்றைப் பார்த்து ஏன் என்று கேட்டதில்லை. கேட்க வேண்டியதை அவள் வீட்டில் வேறொருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கேள்வி வாயில் புதுச்செருப்பு மாதிரிக் கடித்தது.

"இங்க வாடி கண்ணு. அம்மா காலைப் பாரு. எங்க போகுது இந்தத் தண்ணி?"

"வெப்பத்தால் நீர் நீராவியாக மாறுவது ஆவியாதல் எனப்படும்."

"அது சரி. உன் கால் எப்படிப் போகுதுன்னு பார்க்க வேணாமா? சின்னக் கால் சீக்கிரம் போகுமா, பெரிய கால் சீக்கிரம் போகுமா? எனக்குத் தெரியலை. நிஜமாவே தெரியலை."

சின்னவள் அம்மாவையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் வலது காலின் கட்டைவிரல் செருப்புக்குள் அசைந்தது.

"பரீட்சைக்கு அது வராதும்மா" என்றாள் சின்னவள், அம்மாவைச் சமாதானப்படுத்துகிற குரலில். "வெயில்ல நிக்காதே. கால் சுடும்."

அம்மா ஏறி வரவில்லை. இன்னொரு தடவை ஈரத்தில் கால் நனைத்து, காய்ந்த பலகையில் அழுத்தி வைத்து எடுத்தாள். பெரியவள் பக்கத்தில் தன் காலை வைத்தாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிழலில் இரண்டு பைகளோடு சின்னவள் பொறுமையாகக் காத்திருந்தாள், பெரியவர்கள் வேலை முடியட்டும் என்று நிற்கிற நல்ல பிள்ளையாக.